குடசம் பூத்த மலை

மே மாதம் பிறந்துவிட்டால் சென்னைவாசி பூப் பார்க்க எங்கே போவான்? ஊட்டிக்கு. 1896-லேயே ஆரம்பித்த மலர்க் கண்காட்சி. சந்தேகமே இல்லாமல் அழகுதான். ஆனால் அங்கே பாத்தி பாத்தியாகச் சிரிக்கிற பூக்களில் பல மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. டேலியாவும் பெட்டுனியாவும் நம்ம ஊர்ப் பூக்கள் இல்லை. அதைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்து, ரூம் கிடைக்காமல் அலைந்து... சரி, அது அவரவர் இஷ்டம்.

நான் சொல்ல வந்தது வேறு. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். இறங்கினால் சிப்காட், புகைபோக்கி, இரும்பு உருக்காலை, கன்டெய்னர் லாரி. பூவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். அப்படியே நெடுஞ்சாலையில் வடக்கே எளாவூர் சோதனைச்சாவடி தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, தடா பக்கம் நெருங்க நெருங்க இடப்பக்கம் பாருங்கள். வானத்துக்கும் வயலுக்கும் நடுவே நீலமாக ஒரு கோடு. மேகம் இல்லை, மலை.

சத்தியவேடு மலை என்பார்கள், நாகலாபுரம் மலை என்பார்கள். தடா அருவிக்குக் குளிக்கப் போகிற பையன்களுக்கு அது வெறும் 'தடா ஃபால்ஸ்'. அதில் உயரமான சிகரத்துக்குப் பழைய பெயர் கம்பாக்கம் துர்க்கம். சுமார் 2,500 அடி. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில், பாறை சுடுகிற வெயிலில், அந்த மலைத்தொடரில் பூக்கிறது பாருங்கள் ஒரு கூட்டம். கொன்றை, வெட்பாலை, பாவட்டை, காயா, செம்மரம். டிக்கெட் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை.

பெயர்ப் பலகை இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையே.

மலையில் பூப் பறித்து, பெயர் சொல்லி, பட்டியல் போடுகிற வேலையை நமக்கு ஏதோ வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தான் என்று நினைத்தால், மன்னிக்கவும். கபிலர் முந்திக்கொண்டார். குறிஞ்சிப்பாட்டு என்று ஒரு நீண்ட பாட்டு. பத்துப்பாட்டில் ஒன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று புரியவைக்க அவர் பாடியதாகச் சொல்வார்கள். தினைப்புனம் காக்கிற பெண்கள் அருவியில் குளிக்கிறார்கள். வெளியே வந்து மலையெல்லாம் திரிந்து பூப் பறித்துப் பாறை மேல் குவிக்கிறார்கள். என்ன பூ, என்ன பூ என்று கபிலர் சொல்லிக்கொண்டே போகிறார். 99 பூக்கள் என்பது பொதுவான கணக்கு. யோசித்துப் பாருங்கள். உங்களால் மூச்சு விடாமல் பத்துப் பூ சொல்ல முடியுமா? மல்லி, முல்லை, ரோஜா, சாமந்தி, கனகாம்பரம்... ஐந்தாவதில் கோயம்பேடு மார்க்கெட் முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலுக்கே ஒரு விபத்து நேர்ந்தது. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவர உ.வே.சாமிநாதையர் சுவடி சுவடியாகப் புரட்டிக்கொண்டிருந்த காலம். அவருக்குக் கிடைத்த பிரதிகளில் குறிஞ்சிப்பாட்டின் நடுவே, சரியாக அந்தப் பூக்கள் வரிசையில், கொஞ்சம் இல்லை. ஓட்டை. காலம் எத்தனையோ இடத்தில் செல்லரித்திருக்கலாம், பூக்களைப் பார்த்து அரித்திருக்கிறது. மனுஷர் விடவில்லை. ஊர் ஊராகத் தேடி, கடைசியில் தருமபுரம் ஆதீனத்துச் சுவடிக் குவியலில் விட்டுப்போன பகுதியைப் பிடித்தார். 1889-ல் பத்துப்பாட்டு அச்சானபோது பூக்கள் முழுசாக இருந்தன. அந்தத் தேடலை 'உதிர்ந்த மலர்கள்' என்ற தலைப்பில் அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்தச் சுவடி அன்றைக்குக் கைக்கு வராமல் போயிருந்தால் சில பூக்களின் பெயர் தமிழில் இல்லாமலே போயிருக்கும்.

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் எந்தப் பெயர் எந்தப் பூ? சிலது நிச்சயம். காயா என்றால் அந்த நீலக் கொத்து. கொன்றை என்றால் கொன்றை. குடசம் என்றால் வெட்பாலை என்று உரைகாரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னும் பலவற்றுக்குத் தமிழ்ப் பேராசிரியர்களும் தாவரவியல் பேராசிரியர்களும் இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏட்டில் பூ இருக்கிறது, மலையிலும் பூ இருக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட ஆள் இல்லை.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது சென்னைக்கு வாருங்கள். வருடம் 1693. அப்போது அதற்குச் சென்னைப்பட்டினம் என்று பெயர், கோட்டைக்குள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி.

கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று ஒரு சர்ஜன். எலிஹூ ஏல் (ஆமாம், அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான்) கவர்னராக இருந்தபோது வேலைக்கு வந்தவர். அந்த ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்புக்கு முடியவில்லை. பிரவுன் மருந்து கொடுத்தார். வீலர் செத்துப்போனார். என்ன ஆயிற்று என்றால், மருந்து இடித்த உரலில் அதற்கு முன்னால் பாஷாணம் இடித்திருக்கிறார்கள். கழுவவில்லை! இன்னொரு சர்ஜன் எட்வர்ட் பல்க்லி உடலை அறுத்துப் பரிசோதித்தார். இந்தியாவில் சட்டத்துக்காக நடந்து, ஆவணமாகப் பதிவான முதல் பிரேதப் பரிசோதனை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிரவுன் ஓடி ஒளியவில்லை. என்னால்தான் செத்தார் என்று தானே எழுதிக் கொடுத்தார். வழக்கு நடந்தது, ஜூரிகள் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கொலைகார உரல் சர்ஜனுக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு? பிரவுனுக்குச் செடிப் பைத்தியம். சென்னையைச் சுற்றி உள்ள செடி கொடிகளைப் பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சும்மா அனுப்பவில்லை. உள்ளூர்க்காரர்கள் இதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள், எந்த வியாதிக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அதையெல்லாம் தொகுத்து, 1698 முதல் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சிட்டார். அதில் 'மலபார் பெயர்' என்று போட்டிருக்கும். நம்மைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியனுக்குத் தமிழ் என்றால் மலபார் பாஷை.

1698-லேயே பிரவுன் காலமானார். பல்க்லி வேலையைத் தொடர்ந்தார், அவரும் 1714-ல் போய்ச் சேர்ந்தார். பெட்டிவர் இறந்ததும் அவர் சேர்த்தது முழுவதையும் ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். ஸ்லோனின் சேகரிப்பில் பிறந்ததுதான் பிரிட்டிஷ் மியூசியம். ஆக, முன்னூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊர் வெயிலில் காய்ந்த பூக்கள் இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், வெயிலே படாத அறையில், பத்திரமாக இருக்கின்றன.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் மனசு இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று கோடு போட்டுக்கொள்ளும். இந்தக் கணக்கில் பூ சென்னையினுடையது. பெயர் தமிழ். வைத்தியம் தமிழ் வைத்தியன் சொன்னது. புகழ் பெட்டிவருக்கும் பிரவுனுக்கும். சரி, அந்தத் தமிழ் வைத்தியன் பெயர் என்ன? அது எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

'அந்தக் காலத்தில் அப்படித்தான் சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில், மேற்குக் கரையில், வான் ரீட் என்ற டச்சுக்காரர் கேரளத்துச் செடிகளுக்கு 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று 12 தொகுதி போட்டார். முதல் தொகுதி 1678-ல் ஆம்ஸ்டர்டாமில். அதில் சேர்த்தலையைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் பெயர் இருக்கிறது. மூன்று கொங்கணி வைத்தியர்கள் பெயரும் இருக்கிறது. அவர்கள் கொடுத்த சான்றிதழ்களே அச்சில் இருக்கின்றன. மனசிருந்தால் முடிந்திருக்கிறது.

இந்த வான் ரீட் நமக்கு அந்நியர் இல்லை. கும்மிடிப்பூண்டிக்குக் கூப்பிடு தூரத்தில் பழவேற்காடு. டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைநகரம் அதுதான். கெல்ட்ரியா கோட்டை 1613-ல் கட்டியது. கம்பெனி வேலைகளை மேற்பார்க்க வந்த வான் ரீட், தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றச் சொன்னார். 1690-ல் மாறியது. பழவேற்காடு இறங்குமுகமானது. பூக்களுக்கு அவ்வளவு செய்த மனிதர், இந்தத் துறைமுகத்தின் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில், 1691-ல், கடல் பயணத்திலேயே இறந்தார்.

அடுத்து வந்தவர் மலைக்கே போனார். யோஹன் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கிற முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்தார். டேனிஷ்காரர்கள் கொடுத்த சம்பளம் செடி தேடப் போதவில்லையோ என்னவோ, 1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கையியலாளராகச் சேர்ந்தார். ஆற்காடு நவாபுக்குக் கடன் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறோம், செடி பார்க்க ஒரு சம்பள ஆளும் இருந்தார். 1776-ல் கோனிக் சென்னைக்கு வடக்கே நகரி மலைக்குப் போனார். நம்முடைய நாகலாபுரம் மலைக்குப் பக்கத்து வீடு.

லின்னேயஸின் மகன் 1782-ல் வெளியிட்ட புத்தகத்தில் கோனிக் அனுப்பிய இந்தியச் செடிகள் பல இடம்பெற்றன. அதே புத்தகத்தில்தான் செம்மரத்துக்கும் அறிவியல் பெயர் கிடைத்தது. டீரோகார்பஸ் சான்டாலினஸ்.

செம்மரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? லாரி, கடத்தல், எளாவூர் சோதனைச்சாவடியில் பிடிபட்ட கட்டைகள். அதற்கு ஒரு பூ உண்டு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? உண்டு. கோடை தொடங்கும்போது, துளிர் விடுகிற சமயத்தில், சின்னச் சின்னதாக மஞ்சள் பூ. உள்ளே ரத்தச் சிவப்பு, வெளியே மஞ்சள். உலகத்தில் இந்த மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில்தான். கடப்பை, சித்தூர், நெல்லூர், அதை ஒட்டி நம்ம வடக்கெல்லை. கம்பெனிக் கப்பல்கள் சென்னையிலிருந்து கிளம்பும்போது அடியில் பாரத்துக்காக இந்தக் கட்டையைப் போட்டுக்கொண்டு போகும். ஐரோப்பாவில் சாயத்துக்கு விற்கும். பிறகு ஜப்பான்காரன் இசைக்கருவிக்கு வாங்கினான், சீனாக்காரன் மேஜை நாற்காலிக்கு.

கோனிக் 1785-ல் காக்கிநாடா பக்கத்தில் இறந்தார். அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி 300 வண்ணப் படங்களோடு பெரிய புத்தகம் போட்டவர். அவர் கதை தனியாக எழுத வேண்டிய கதை, இங்கே வேண்டாம்.

ஆனால் ஒரு ஓவியரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. பெயர் கோவிந்து.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1819-ல் சென்னைக்கு வந்தார். 1838 முதல் 1853 வரை 'ஐகோனஸ்' என்ற தாவரப் படத் தொகுதிகளைச் சென்னையிலேயே அச்சிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. தெலுங்குக் குடும்பத்து ஓவியர்கள். தஞ்சாவூர்ப் பாணியில் சாமி படம் வரைந்த மரபில் வந்த கை, மகரந்தத்தாளை அளவு பிசகாமல் வரைந்தது. வைட் நல்ல மனுஷர். படத்தின் கீழே ஓவியன் பெயரை அச்சிட்டார். அதோடு நிற்கவில்லை. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தோயியா' என்று பெயர் வைத்தார். உள்ளூர்ப் படக்காரர் ஒருவரின் பெயர் லத்தீனில் பூவாகப் பூத்தது.

நிலைத்ததா? இல்லை. அந்தச் செடி ஏற்கெனவே வேறு பெயரில் அறியப்பட்ட பேரினத்தைச் சேர்ந்தது என்று பிறகு முடிவாயிற்று. அறிவியலில் முந்திவைத்த பெயருக்குத்தான் மதிப்பு. விதி சரிதான், யார் மேலும் தப்பு இல்லை. ஆனாலும் கோவிந்து காணாமல் போனார். ஜமைக்காவில் டாக்டராக இருந்த வில்லியம் ரைட் என்பவர் பெயர் நிலைத்தது. நம்ம வெட்பாலைக்கு அறிவியல் பெயர் என்ன தெரியுமா? ரைட்டியா டிங்டோரியா. அந்த ரைட்தான். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாக மாறுமே, தோல் வியாதிக்குச் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் தைலம், அந்த வெட்பாலை.

இருபதாம் நூற்றாண்டில் கேம்பிள் சென்னை மாகாணத்துத் தாவரங்கள் அத்தனைக்கும் ஒரு புத்தகம் தொடங்கி, முடிக்காமல் 1925-ல் இறந்தார். ஃபிஷர் முடித்துவைத்தார். 1929-ல் எழும்பூர் மியூசியத்திலிருந்து பி.வி.மயூரநாதன், சென்னை நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் பற்றி ஒரு பூக்கும் தாவர நூல் வெளியிட்டார். நம்மவர், நம் ஊரைப் பற்றி. அதன் பிறகு திருச்சியில் கே.எம்.மேத்யூ என்ற பாதிரியார், 1980களில், கர்நாடகச் சமவெளியின் தாவரங்களுக்குக் கனமான தொகுதிகள் போட்டார். தமிழ்நாட்டில் மலையேறிச் செடி பார்க்கிற எல்லோருக்கும் இன்றைக்கும் அதுதான் பஞ்சாங்கம்.

நடுவில் மலையே ஊர் மாறிவிட்டது. இது பலருக்குத் தெரியாது. மொழிவாரி மாநிலம் பிரிந்ததும் வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் சமரசம் செய்தார், 1960 ஏப்ரல் 1-ம் தேதி எல்லை மாறியது. திருத்தணி நமக்கு வந்தது. முருகன் கிடைத்த சந்தோஷத்தில் பதிலுக்கு என்ன கொடுத்தோம் என்று நாம் பார்க்கவில்லை. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. மலையும் போனது. ஆகவே பழைய புத்தகத்தில் 'செங்கல்பட்டு மலை' என்று போட்டிருந்தால், இன்றைய செங்கல்பட்டில் போய்த் தேடாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து 1997-ல் பிரிந்த திருவள்ளூரிலும் தேடாதீர்கள். சத்தியவேடு முதலில் சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். கம்பாக்கம் என்று பெயரின் வாலில் 'பாக்கம்' மட்டும் மிச்சம். பூவுக்கு எல்லை தெரியாது என்று யாராவது கவிதை எழுதக்கூடும். பதிவேட்டுக்குத் தெரியும்.

மரம் வெட்டப் போகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்துக் கூலிகள், பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். மாதத்தைக் கவனித்தீர்களா? ஏப்ரல். செம்மரம் பூக்கிற மாதம். அந்த இருபது பேருக்கும் அந்தக் காடு எதற்காக அறிமுகமானது என்று நினைத்தால் மஞ்சள் பூவைப் பார்க்கும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கிறது.

இன்னொரு 'பூ'வும் இந்த மலைகளில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். அது பூவே இல்லை. சைகஸ் என்ற, டைனோசர் காலத்து வம்சத்துச் செடியின் ஆண் கூம்பு. அந்த வம்சத்துக்குப் பூக்கவே தெரியாது. திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டும் வளரும் ஒரு சைகஸுக்குச் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் பெயரை 1883-ல் வைத்தார்கள். இன்று அதன் பன்னாட்டு வணிகமே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆம்பளைகளின் நம்பிக்கைக்குப் பலியான செடி.

சிப்காட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரோடு ஒரு ஏப்ரல் காலையில் நானும் போனேன். வனத்துறை அனுமதியோடுதான். எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. ஓடையில் தண்ணீர் குட்டை குட்டையாக நின்றது. பாறை இடுக்கில் பாவட்டை வெள்ளையாக. கிளையோடு ஒட்டி நீலப் பொடி தூவினாற்போல் காயா. திருமால் நிறத்துக்குப் புலவர்கள் எதற்கு இந்தப் பூவைப் பிடித்தார்கள் என்று பார்த்தால்தான் புரியும், படித்தால் புரியாது. அப்புறம் மொட்டை மொட்டையாக ஒரு சின்ன மரம், இலை இப்போதுதான் துளிர்க்கிறது, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, லேசான வாசனை. நண்பர் செல்போனில் படம் எடுத்து அதில் உள்ள ஏதோ செயலியிடம் கேட்டார். அது யோசித்து, ரைட்டியா என்றது.

இறங்கும்போது அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். கையில் இருந்த, கீழே உதிர்ந்து கிடந்து எடுத்த பூவைக் காட்டி, "இது என்னங்க பெரியவரே?" என்றேன்.

"இதுவா? கொடிசெ. பால கொடிசெ."

"தமிழ்ல என்ன சொல்லுவீங்க?"

"எங்க அம்மா வெட்பாலைன்னு சொல்லும். நாங்க கொடிசெதான்."

கொடிசெ. கபிலர் பாறை மேல் குவித்ததில் ஒன்று குடசம். நான் மொழி ஆராய்ச்சிக்காரன் இல்லை, இரண்டும் ஒரே சொல்லா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. திரும்பி வருகிற வழியெல்லாம், ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும், லாரிகளுக்கு நடுவே அதை வாய்க்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரியவரிடம் வேறு நாலு பூவையும் காட்டியிருந்தேன். நாலுக்கும் பெயர் சொன்னார். பக்கத்தில் நின்ற பேரனிடம் "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். பத்து வயசு இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு, "ரெண்டு தெரியும்" என்றான்.